இரண்டு சொட்டுத் தேன்

காளீஸ்வரனுக்கு மெதுவாகப் பேச வராது. பதினாறு வயதில் விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்தவனுக்கு இப்போது முப்பத்து மூன்று. எட்டுத் தறி ஒரே நேரத்தில் ஓடுகிற இடத்தில், பக்கத்தில் நிற்பவனிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்தக் குரல் அவனோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அவன் மனைவியிடம் ரகசியம் பேசினால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும் என்று அருப்புக்கோட்டையில் அவன் குடியிருக்கும் தெருவில் சொல்வார்கள். டிசம்பரில் மகள் பிறந்தபோது, இந்தச் சத்தத்தில் பிள்ளை எப்படித் தூங்கும் என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். அவளோ வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்டுப் பழகியவள் மாதிரி, அப்பா பேசினால்தான் கண்ணை மூடினாள். இதழினி என்று பெயர் வைத்தார்கள். கூப்பிடுவது பாப்பா என்றுதான்.

மனைவி துர்காதேவி ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக் கணக்கு டீச்சர். ஜூனில் பள்ளி திறந்தபோது பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. பகலில் பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் காளீஸ்வரன் முதலாளியிடம் போய் நைட் ஷிப்டை நிரந்தரமாக வாங்கிக்கொண்டான். காலையில் அவன் வேலை முடிந்து வர, துர்கா கிளம்புவாள். வாசலில் பிள்ளை கைமாறும். பாப்பா தூங்கும்போது அவனும் தூங்குவான். மிச்சத் தூக்கம், துர்கா திரும்பி வந்த பிறகு.

முதல் நாள் கிளம்பும்போதே துர்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழமை கேப்பைப்பால் காய்ச்சி நானே மொத வாய் குடுக்குறேன். அதுக்கு முன்னாடி எதையும் குடுத்துராதீக."

"நான் ஏன் குடுக்கப் போறேன்" என்றான் காளீஸ்வரன்.

வெள்ளிக்கிழமை அவன் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். துர்காவுக்கு அனுப்புவதற்காகத் தினமும் ஒரு சின்ன வீடியோ எடுப்பது வழக்கம். தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, "பாப்பா, அம்மாகிட்ட என்ன சொல்லப் போற?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே, அவள் எட்டித் தட்டிலிருந்து ஒரு விள்ளலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். "ஏலே பாப்பா, அது என் இட்லி" என்று அவன் போட்ட சத்தமும், இட்லியைச் சப்பியபடி அவள் முகம் போன கோணலும், பிறகு இன்னொரு கையை நீட்டியதும் எல்லாம் வீடியோவில் பதிந்துவிட்டன.

மதியம் ஆசிரியர் அறையில் ஐந்து டீச்சர்கள் சேர்ந்து அதைப் பார்த்துச் சிரித்தார்கள். துர்காவும் சிரித்தாள். பிறகு தனியாகப் போய்க் கொஞ்சம் அழுதாள். சாயங்காலம் வந்து, "ஞாயித்துக்கெழமைன்னுதான சொன்னேன்" என்றாள்.

"நான் குடுக்கல. அவளா எடுத்துக்கிட்டா."

"தெரியும். பாத்தேன்." பாப்பாவின் வாயை முந்தானையால் துடைத்தாள். "இனிமே புதுசா எது குடுத்தாலும் எடுத்து அனுப்புங்க. நேர்லதான் பாக்க முடியல."

அப்படித்தான் அது தொடங்கியது. திருப்பூரிலிருக்கும் துர்காவின் அக்காவும் கேட்டாள், துபாயில் இருக்கும் தம்பியும் கேட்டான் என்று, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவதை விட்டுவிட்டு துர்கா இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். 'பாப்பாவும் அப்பாவும்' என்று பேர் வைத்தாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றுதான் அதில் இருந்தது. பார்த்துவிட்டுப் போகட்டும், என்ன வந்தது என்று விட்டுவிட்டார்கள்.

ஊரில் இருக்கிற மற்ற பக்கங்களில் பிள்ளைகள் சாப்பிடும் தட்டே வேறு மாதிரி இருக்கும். பூப்பூவாக வெட்டிய பழம், குழிகுழியாகப் பிரித்த கிண்ணம், பின்னால் மெல்லிய பாட்டு. காளீஸ்வரன் வீட்டில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், ஒரு லுங்கி, பின்னால் தெருவின் தறிச் சத்தம். கேப்பைக்கூழைப் புர்ரென்று துப்பிவிட்டு அப்பன் மூக்கைப் பிடிக்கும் பிள்ளையும், "துப்புறதுக்கா ராத்திரி பூரா முக்கா கெஜம் முக்கா கெஜமா நெய்யுறேன்" என்று அவளிடம் நியாயம் கேட்கும் அப்பனும். ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. பருப்புச் சோறு, மசித்த பூசணிக்காய், அவித்த கேரட் என்று வாரத்துக்கு மூன்று வீடியோ. ஒரே மாதத்தில் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் பாப்பா இன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று கேட்கும் நிலை வந்தது. தறிக்கூடத்தில் அவனைப் 'பாப்பா அப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எல்லாரும் நல்லபடியாகப் பேசவில்லை. ஆம்பளை சோறு ஊட்டுகிறான், பெத்தவள் எங்கே போனாள் என்று ஒருவர் எழுதினார். காளீஸ்வரன் அதை அழிக்கப் போனான். துர்கா போனை வாங்கி, "அம்மா மூணாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கப் போயிருக்கா. சாயங்காலம் வருவா" என்று பதில் எழுதினாள். அதற்கு நானூறு பேர் இதயம் போட்டார்கள்.

ஆகஸ்டில் பாப்பா சாப்பிட மறுத்தாள். பல் வரும் நேரம். எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பினாள். மூன்று நாள் இப்படியே போக, காளீஸ்வரனுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. கூட வேலை பார்க்கும் வீரபத்திரன் மலைப்பக்கம் கோயிலுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்த கொம்புத்தேன் ஒரு பாட்டிலில் வீட்டில் இருந்தது. அடுத்த நாள் கம்பங்கஞ்சியில் அதை இரண்டு சொட்டு விட்டுக் கலக்கினான். பாப்பா ஒரு வாய் வாங்கினாள், நாக்கைச் சுழற்றினாள், கிண்ணத்தையே இழுத்தாள். மூன்று நாளைக்குப் பிறகு கிண்ணம் காலியானது. அவன் கேமராவைப் பார்த்து, தறியையும் மீறிக் கேட்கும் குரலில் சொன்னான். "பிள்ளை சாப்பிடலையா? ஒண்ணும் கவலப்படாதீக. ரெண்டு சொட்டுத் தேன். அம்புட்டுத்தான்."

அதுவரை அவன் போட்ட எந்த வீடியோவும் அப்படி ஓடியதில்லை. மூன்று நாளில் தொண்ணூறாயிரம் பேர் பார்த்தார்கள். பேர் தெரியாத ஒரு பக்கம் அதை எடுத்துத் தன்னுடையது போலப் போட்டுக்கொண்டது. எங்கள் வீட்டிலும் செய்து பார்க்கிறோம் என்று ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள்.

நடுவில் படம் இல்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி வந்தது. "ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது. தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்."

அன்று காளீஸ்வரன் நல்ல சந்தோஷத்தில் இருந்தான். "எங்க வீட்ல பொறந்த அன்னைக்கே நாக்குல தேன் தொட்டு வச்சாக. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். வேற வேலை இருந்தா பாருங்க" என்று எழுதினான். அந்தப் பதிலையும் நிறைய பேர் விரும்பினார்கள். சிலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். இரண்டு பேர் அந்தக் கணக்கைக் கேலி பண்ணி எழுதினார்கள். அவன் அதைப் படித்துவிட்டுத் தூங்கப் போனான்.

மறுநாள் அதே கணக்கிலிருந்து தனியாக ஒரு செய்தி. "சார், நான் முருகலட்சுமி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கிறேன். நீங்கள் என்னைக் கிண்டல் செய்தது பரவாயில்லை. ஒரு தடவை கூப்பிடுங்கள்." கீழே போன் நம்பர்.

கூப்பிட்டான். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுவே அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

"தேனுக்குள்ள ஒரு கிருமியோட விதை இருக்கலாம் சார். பெரியவுகள அது ஒண்ணும் பண்ணாது. சின்னப் பிள்ளைக வயித்துல மட்டும் அது முளைச்சு விஷமாயிரும். வெளிக்கிப் போகாது, அழுகுற சத்தம் கொறையும், கழுத்து தொவளும், பால் குடிக்கத் தெம்பு இருக்காது. மூச்சையே பிடிச்சுரும்."

"இது சுத்தமான தேனும்மா. மலையில எடுத்தது."

"சுத்தமான தேன்லயும் இருக்கும் சார். எல்லாப் பிள்ளைக்கும் வராது. ரொம்ப அபூர்வம். ஆனா எந்தப் பிள்ளைக்கு வரும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுல்ல."

காளீஸ்வரன் திரும்பிப் பாப்பாவைப் பார்த்தான். அவள் பாயில் குப்புறப் படுத்து, ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். தலை நன்றாகத்தான் நின்றது. இருந்தாலும் தூக்கி, கழுத்தைப் பிடித்துப் பார்த்தான். காலையில் மலம் போனாளா என்று நினைவுபடுத்திப் பார்த்தான். போயிருந்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு துர்காவின் பள்ளிக்கே நடந்துவிட்டான். ஒன்றரை மணிக்கு டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, சில வாரம் கவனமாகப் பாருங்கள் என்று அறிகுறிகளைச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவன் முதல் வேலையாக வீடியோவை அழிக்கப் போனான். துர்கா கையைப் பிடித்தாள்.

"இருங்க. அழிச்சா கீழ எழுதுனவுக பேரெல்லாம் போயிரும்."

"போகட்டுமே. எனக்கு அதப் பாக்கவே கூசுது."

"செய்யப் போறோம், செஞ்சுட்டோம்னு எத்தனை பேர் எழுதியிருக்காக. அவுகளுக்கு யார் சொல்றது?"

அவள் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொரு பேராகப் படிக்க, அவள் எழுதினாள். முப்பத்தேழு பேர். அதற்குப் பிறகுதான் அழித்தார்கள்.

அன்றைக்கே இன்னொரு வீடியோ எடுத்தான். பாப்பா இல்லை, கிண்ணம் இல்லை. சட்டை போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தான். "தேன் குடுக்கச் சொன்னது தப்பு. ஒரு வயசு ஆகுற வரைக்கும் ஒரு சொட்டுக் கூடக் கூடாது. எனக்குத் தெரியாம சொன்னேன். தெரிஞ்சவுக வந்து சொன்னப்ப அவுகளையும் கேலி பண்ணேன். அதுவும் தப்பு. குடுத்திருந்தீகன்னா பயப்பட வேண்டாம், டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க" என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் குரல் தணிந்திருந்தது. வீடியோவைப் பார்த்த துர்கா, "சத்தமாச் சொல்லுங்க, கேக்கல" என்று திரும்ப எடுக்க வைத்தாள்.

அதை நாலாயிரம் பேர்தான் பார்த்தார்கள். தொண்ணூறாயிரம் எங்கே, நாலாயிரம் எங்கே. திருடிப் போட்ட பக்கத்தில் பழையது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எடுக்கச் சொல்லி எழுதினான், பதில் இல்லை. அதன் கீழே தினமும் போய், 'இதில் இருப்பது நான்தான், நான் சொன்னது தப்பு' என்று எழுதிவிட்டு வந்தான்.

நோட்டில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகச் செய்தி அனுப்பினான். இருபத்தெட்டுப் பேர் இன்னும் கொடுக்கவில்லை என்று சொன்னார்கள். ஒன்பது பேர் கொடுத்திருந்தார்கள். அதில் எட்டுப் பேர் டாக்டரிடம் காட்டிவிட்டு நலம் என்று எழுதினார்கள். ஒரு அம்மா அவனை நன்றாகத் திட்டிவிட்டு, பிறகு சொன்னதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தாள். ஒரே ஒருத்தியிடமிருந்து மட்டும் பதில் இல்லை. பேர் ராமலட்சுமி. அவள் எழுதியிருந்தது, "பரளச்சியிலருந்து. இன்னைக்கு மகனுக்குக் குடுத்தோம்ணே. அள்ளி அள்ளிச் சாப்பிட்டான்."

நான்கு நாள் ஆயிற்று. அனுப்பிய செய்தியை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தறி கிடையாது. காளீஸ்வரன் காலையிலேயே சட்டையை மாட்டினான். "பரளச்சிக்குப் போயிட்டு வாரேன்" என்றான்.

"ஊர் பேரு ஒண்ண வச்சுக்கிட்டு எங்கன்னு தேடுவீக?"

"கைப்பிள்ளைக்காரி எத்தனை பேர் இருக்கப் போறாக. கேட்டா சொல்லுவாக."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனான். மழைக்காகக் காத்துக்கிடக்கும் கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பிள்ளை நன்றாக இருக்கும், போன்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தான்.

பஸ் நின்ற இடத்து டீக்கடையில் கேட்டதும் கடைக்காரர் யோசித்தார். "ராமலட்சுமியா? லோடு வண்டி ஓட்டுற முத்துராஜ் சம்சாரம். மகனுக்கு மேலுக்கு முடியலன்னு நேத்து திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாகளே."

காளீஸ்வரன் திருச்சுழிக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டான். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, "சொந்தமா?" என்று கேட்டார். அவன் டம்ளரை வைத்துவிட்டு, எதிரே வந்த திருச்சுழி பஸ்ஸில் ஏறிவிட்டான். போகும்போதே முருகலட்சுமியைக் கூப்பிட்டுச் சொன்னான். "மொதல்ல டாக்டர்கிட்ட தேன் விஷயத்தைச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு சொல்லாம விட்டிருக்கும்" என்றாள் அவள்.

குழந்தைகள் வார்டில் அவளைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பெண், மடியில் எட்டு மாதப் பையன் கண் செருகப் படுத்திருந்தான். அவள் நிமிர்ந்து பார்த்து, முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணே, பாப்பா அப்பாதான நீங்க" என்றாள். அந்த நிலையிலும் அவள் லேசாகச் சிரித்தது அவனுக்கு நெஞ்சில் தைத்தது.

"போனை எடுக்கலையேம்மா."

"இவன் தூக்கிப் போட்டு டிஸ்பிளே போச்சுண்ணே. ரெண்டு நாளா காய்ச்சல். பால் சரியாக் குடிக்க மாட்டேங்கிறான்."

"தேன் குடுத்தத டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அதுக்கும் காய்ச்சலுக்கும் என்னண்ணே?"

டாக்டர் அடுத்த கட்டிலில் இருந்தார். காளீஸ்வரன் அங்கேயே நின்று, "டாக்டர், இந்தப் பிள்ளைக்குத் தேன் குடுத்திருக்கு. நான்தான் குடுக்கச் சொன்னேன்" என்றான். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தான். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் வந்து எத்தனை நாளைக்கு முன்னால், எவ்வளவு என்று கேட்டார். பையனின் கண் இமையைப் பார்த்தார், தூக்கி உட்கார வைத்துக் கழுத்தைப் பார்த்தார், மலம் போனானா என்று கேட்டார். "சாதாரணக் காய்ச்சலாத்தான் தெரியுது. சளி இருக்கு. இருந்தாலும் நீங்க சொன்னது நல்லது. ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும், கவனிச்சுப் பாக்குறோம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் முத்துராஜ் டீ பிளாஸ்கோடு உள்ளே வந்தான். கேட்டதையும் கேட்காததையும் சேர்த்துப் புரிந்துகொண்டு, பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுக் காளீஸ்வரனின் சட்டையைப் பிடித்தான்.

"நீதானா அந்த ஆளு? ஊருல இருக்குற பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடச் சொல்ல நீ யாருய்யா?"

"யாரும் இல்ல" என்றான் காளீஸ்வரன். "அடிக்கணும்னா வெளிய வாரேன், அடிச்சுக்கங்க. ஆனா இவன் பால் குடிச்சான்னு தெரியாம நான் ஊருக்குப் போக மாட்டேன்."

முத்துராஜ் கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றான். பிறகு கையை எடுத்தான். காளீஸ்வரன் வெளியே வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தான். துர்காவிடம் போனில் சொன்னான். அவள், "இருந்து பாத்துட்டே வாங்க. பாப்பா நல்லாருக்கா" என்றாள். சாப்பிடத் தோன்றவில்லை. இரண்டு மணி, மூன்று மணி என்று போனது. வெயில் சாய்ந்து, நிழல் அவனை விட்டு நகர்ந்தது. அவன் நகரவில்லை.

நாலு மணிக்கு வார்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. சும்மா அழுகை இல்லை, ஆஸ்பத்திரியே அதிர்கிற வீறிடல். யார் பிள்ளையோ என்று எழுந்து நின்றவனிடம் முத்துராஜ் வாசலுக்கு வந்து, "ஊசி போட்டாக. அதான் கத்துறான்" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "இப்பத்தான் பால் குடிச்சான். ரெண்டு பக்கமும்" என்றான்.

காளீஸ்வரன் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே நின்றான். சத்தம் குறைந்தால்தான் பயப்பட வேண்டும் என்று முருகலட்சுமி சொல்லியிருந்தாள். அந்தப் பையனுக்கு ஒரு தறிக்காரனுடைய தொண்டை இருந்தது. முத்துராஜ் பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் டீயை ஊற்றி நீட்டினான். காளீஸ்வரன் வாங்கிக் குடித்தான்.

செவ்வாய்க்கிழமை பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெறும் சளிக்காய்ச்சல்தான். அதன் பிறகும் மூன்று வாரம், தினமும் காலையில் வேலை முடிந்து வரும் வழியில், காளீஸ்வரன் முத்துராஜுக்குப் போன் போட்டு, வெளிக்கிப் போனானா, தலை நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். முத்துராஜ் முதல் வாரம் ஒரே வார்த்தையில் பதில் சொன்னான். இரண்டாவது வாரம் அவனும் பாப்பாவைப் பற்றிக் கேட்டான்.

பக்கத்தை மூடிவிடலாம் என்று காளீஸ்வரன் இரண்டு தடவை சொன்னான். துர்கா ஒத்துக்கொள்ளவில்லை. "தப்பு சொன்ன வாயால சரியானதச் சொன்னாத்தான கேப்பாக" என்றாள். முருகலட்சுமியும் அதையே வேறு மாதிரி சொன்னாள். "நான் ஊசி போடுற அன்னைக்கு அம்மாமார்தான் சார் வாராக. அப்பன்மார் ஒருத்தரும் வர்றதில்ல. உங்க வீடியோவைப் பாக்குறவுகள்ல பாதிப் பேர் அப்பன்மாரா இருக்காக. அத ஏன் விடுறீக?"

அதனால் பக்கம் இருக்கிறது. புதிதாக எதைக் கொடுப்பதென்றாலும் முதலில் முருகலட்சுமிக்குப் போன். அவள் சரி என்ற பிறகுதான் அடுப்பு. அதை அவன் வீடியோவிலேயே சொல்லிவிடுகிறான். தொண்ணூறாயிரம் பேர் திரும்ப வரவில்லை. ஆனால் எழுதுகிறவர்கள் மாறியிருக்கிறார்கள். சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்க்கும் ஒருவன், பிள்ளையை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு எந்தக் கையில் ஊட்டுவது என்று கேட்டான். அவனுக்குக் காளீஸ்வரன் ஒரு தனி வீடியோவே எடுத்து அனுப்பினான். மனைவி வேலைக்குப் போன வீட்டில் முதல்முறையாகப் பருப்பு வேகவைத்த இன்னொருவன், குக்கரின் படத்தைப் போட்டு, இது வெந்துவிட்டதா என்று கேட்டான். வேகவில்லை.

நவம்பரில் மழை வந்தது. ஒரு காலை, துர்கா கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், போன் அடித்தது. முத்துராஜ். வண்டி ஓடும் சத்தம் இல்லை, வீட்டிலிருந்து பேசினான்.

"அண்ணே, இன்னைக்கு லோடு இல்ல. ராமலட்சுமி நூறு நாள் வேலைக்குப் போயிருக்கா. பயகிட்ட நான்தான் இருக்கேன். முட்டை மஞ்சக்கருவ எப்படிக் குடுத்தாலும் துப்புறான். நீங்க பாப்பாவுக்கு எப்படிக் குடுத்தீக?"

பின்னால் அந்தப் பையன் கரண்டியால் தட்டைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான்.

"லைன்ல இரு" என்று கத்தினான் காளீஸ்வரன். "நர்சம்மாவையும் சேத்துக்கிருவோம்."